வாசனை வராத சாமை

ஜூலை 3, புதன்

நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் வாயால் சொன்னது நிற்காது, எழுத்து நிற்கும். அதனால் இன்று முதல் எழுதி வைக்கிறேன்.

பங்குனியில் என் வீட்டுக்காரி கனியம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது வாக்கரைப் பிடித்துக் கட்டிலைச் சுற்றி நாலு எட்டு வைக்கிறாள். இதுவரை கூட இருந்து சமைத்த மகள் தமயந்தி ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் அவளும் அவள் தம்பி ராஜபாண்டியும் என் எதிரிலேயே பாகம் பிரித்தார்கள். அம்மா கோயமுத்தூரில் மகன் வீட்டுக்கு, அப்பா தூத்துக்குடியில் மகள் வீட்டுக்கு. இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைக்க யாருக்கும் இடம் இல்லையாம். பீரோவையும் கட்டிலையும் பிரிக்கிறவர்கள்கூட இன்னும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

நான் சமைக்கிறேன் என்றேன். ராஜபாண்டி சிரித்தான். "ஒரு மாசம் பாப்பம்ப்பா. ஆகஸ்ட் நாலாந்தேதி வாரேன். அம்மா சாப்புட்டுத் தெம்பா இருந்தா சரி. இல்லன்னா அன்னைக்கே கார்ல கூட்டிட்டுப் போயிருவேன்."

அவளைக் குளிப்பாட்டவும் நடக்க வைக்கவும் குருவம்மா என்று ஒருத்தியை அவனே அமர்த்திவிட்டுப் போயிருக்கிறான். காலை எட்டுக்கு வந்து பன்னிரண்டுக்குப் போவாள். சம்பளம் அவன் கொடுக்கிறான். அப்படியானால் அவள் யாருக்கு வேலை செய்கிறாள் என்பது விளங்கும். அவள்மேல் ஒரு கண் வேண்டும்.

ஜூலை 4, வியாழன்

சாமைக் கிச்சடி வைத்தேன். சாமை ஒரு உழக்கு, சிறுபருப்பு அரை உழக்கு. இரண்டையும் தனித்தனியாக வெறும் சட்டியில் வறுக்க வேண்டும். வாசனை வந்ததும் இறக்க வேண்டும். இதற்கு மணி பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. பிறகு நல்லெண்ணெயில் சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் தாளித்து, பீன்ஸ், கேரட், பீர்க்கங்காய் போட்டு, ஒன்றுக்கு மூன்றரை தண்ணீர். யாரும் சொல்லித் தரவில்லை. எழுத்தும் எனக்கு அப்படி வந்ததுதான். தானிய மண்டியில் மூட்டைகளின்மேல் மையால் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களைப் பார்த்துப் பார்த்தே படித்துக்கொண்டேன்.

நாற்பத்திரண்டு வருடம் அந்த மண்டியில் சரக்குப் பார்த்தவன் நான். மூட்டையில் குத்தூசியை விட்டு ஒரு பிடி எடுத்து மோந்தால் போதும். போன வருடத்துச் சரக்கா, மழையில் நனைந்து காய்ந்ததா, அடியில் வேறு கலந்திருக்கிறதா, எல்லாம் சொல்லிவிடுவேன். நான் தலையாட்டாமல் ஒரு மூட்டை இறங்கியதில்லை.

அப்பேர்ப்பட்டவனுக்குக் கடைக்காரன் கொடுத்திருக்கிற சாமையைப் பார்க்க வேண்டும். வறுக்கிறேன், வறுக்கிறேன், வாசனையே வரவில்லை. பழுப்பாகிவிட்டது, அப்போதும் வரவில்லை. பழைய சரக்கு.

கனியின் பங்கை இரண்டு தூக்குச் சட்டியில் போட்டு மூடி அவள் அறையில் ஜன்னலோர மேசைமேல் வைத்துவிட்டேன். மதியத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. எனக்கு இரவில் மோரும் பழமும் போதும். பிரிட்ஜில் வைத்து எடுப்பதை நான் சாப்பாடாக ஒத்துக்கொள்வதில்லை.

ஜூலை 6, சனி

கடைக்குப் போனேன். அப்பன் இருந்த இடத்தில் இப்போது மகன் உட்கார்ந்திருக்கிறான்.

"தனுஷ்கோடி அண்ணாச்சி, வாங்க. நீங்க ஒதுக்குன மூட்டைய எங்கப்பா பொறவு ஏறெடுத்தும் பாக்க மாட்டாரு. ஒங்களுக்குப் போயி மட்டத்தக் குடுப்பனா?"

"பேச்ச நிறுத்து. இதுல வாசனை எங்கடா?"

அவன் மோந்து பார்த்தான். பக்கத்தில் சர்க்கரை வாங்க நின்ற ஒரு பெண்ணிடமும் நீட்டினான். "நல்லாத்தான இருக்கு" என்றாள் அவள்.

சரக்கு வாங்க வந்தவள் மாதிரி ஒருத்தியை நிறுத்தி வைத்து நல்லது என்று சொல்ல வைப்பது பழைய வியாபார வித்தை. எனக்கேவா?

ஜூலை 9, செவ்வாய்

பெருங்காயம் வெறும் மாவு. கறிவேப்பிலை உரம் போட்டு வளர்த்தது. இஞ்சி பார்வைக்குத்தான் இஞ்சி.

ஜூலை 11, வியாழன்

குருவம்மா போகும்போது முந்தானைக்கடியில் ஒரு தூக்கு இருந்தது. எட்டு மணிக்கு வரும்போது கையில் கூடைப் பை மட்டும்தான் வைத்திருந்தாள். பைக்குள் என்ன என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

கனியின் அறைக்குப் போனேன். மதியத் தூக்கு காலியாகிக் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"பூராத்தையும் நீயா சாப்பிட்ட?"

"பின்ன, காக்காய்க்கா வச்சேன்?"

"அவ என்னமோ கொண்டு போறாளே."

"அவ என் சீலையத் தொவைக்கக் கொண்டு போவா. பொம்பளப் பிள்ள மடிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்குற வயசா ஒங்களுக்கு?"

இதற்குமேல் கேட்க முடியாதபடி பேசுவது அவளுடைய வழக்கம்.

ஜூலை 14, ஞாயிறு

இன்றைக்குக் கிச்சடியில் ஒரு கசப்பு. நான் என் பங்கை முழுவதும் சாப்பிட்டேன். சாமையில் எதையோ கலக்கிறார்கள். வைகாசியில் பத்து நாள் சளிக்காய்ச்சலில் படுத்து எழுந்தேன். அதற்குப் பிறகு இந்த ஊரில் ஒரு பொருளும் சரியில்லை. காப்பித்தூள்கூட வெந்நீரைக் கறுப்பாக்குகிறது, அவ்வளவுதான்.

கனியிடம் கேட்டேன். கசக்கவில்லையாம்.

"நாப்பத்தொம்போது வருசம் நான் பொங்கிப் போட்டேன். ஒரு நா நல்லாருக்குன்னு சொன்னீகளா? இப்ப வந்து நல்லாருக்கா நல்லாருக்கான்னு உயிர எடுக்கீக."

நன்றாக இல்லாவிட்டால் சொல்லியிருப்பேன். சொல்லாததே நன்றாக இருந்ததற்கு அத்தாட்சி. இது அவளுக்கு இத்தனை வருடமாகப் புரியவில்லை.

ஜூலை 17, புதன்

பால் சட்டி கரிந்துவிட்டது. கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த குருவம்மா, "அய்யா, அடுப்பு!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். நான் அடுப்புக்குப் பக்கத்திலேதான் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணாடி போடவில்லை, அதனால் கவனிக்கவில்லை.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இதை ராஜபாண்டிக்குப் போன் போட்டுச் சொல்லுவாள்.

ஜூலை 19, வெள்ளி

எல்லாம் விளங்கிவிட்டது.

இன்று அவள் வரும்போதே வாசலில் நின்றேன். கூடைப் பைக்குள் மூடிய தூக்கு. போகும்போதும் மூடிய தூக்கு. மூடி வருகிறது, மூடிப் போகிறது. மண்டியில் இதற்குப் பெயர் மூட்டை மாற்று. நல்ல மூட்டையை வெளியே அனுப்பிவிட்டு அதே எண்ணிக்கைக்கு மட்டத்தை உள்ளே வைப்பார்கள். எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கும். குத்தூசி விட்டவனுக்கு மட்டும்தான் தெரியும்.

என் சாமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய் ஏதோ புழுத்த சாமையை என் டப்பாவில் கொட்டுகிறாள். அதனால்தான் வாசனை இல்லை. கடைக்காரனை வீணாகப் பேசிவிட்டேனோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் அவனும் யோக்கியன் இல்லை.

ஜூலை 20, சனி

மூட்டை மாற்றைப் பிடிக்க மண்டியில் ஒரு வழி வைத்திருந்தோம். சாமை டப்பாவில் நடு ஆழத்தில் ஒன்பது புளியமுத்துகளைப் புதைத்து வைத்தேன். இடம் எனக்கு மட்டும் தெரியும். சரக்கு மாறினால் முத்தும் இருக்காது.

ஜூலை 22, திங்கள்

ஒன்பதும் இருந்தன. வைத்த இடத்திலேயே இருந்தன.

அப்படியானால் வேறு ஏதோ செய்கிறாள்.

ஜூலை 24, புதன்

பன்னிரண்டு மணிக்கு வாசலை மறித்து நின்று தூக்கைப் பிடுங்கினேன். குருவம்மா எதிர்பார்க்கவில்லை. திறந்தால் உள்ளே என் கிச்சடி. நான் வைத்தபடியே, கரண்டி படாமல், மதியப் பங்கும் இரவுப் பங்கும் ஒன்றாகக் கொட்டி வைத்திருந்தது.

"இது யாருக்கு?"

மூடியை எடுக்கக் குனிந்தாள்.

"யாருக்குன்னு கேக்கேன். நடக்க முடியாதவ வாயில இருந்து பிடுங்கி எங்க கொண்டு போற?"

"மாட்டுக்குய்யா" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"மாட்டுக்கா? நான் பொங்குனத மாட்டுக்குப் போடுறியா?"

"மாடும் இப்பம்லாம்..." என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டாள்.

உள்ளே இருந்து கனி, "இங்க வாங்க, இங்க வாங்க" என்று கத்திக்கொண்டே இருந்தாள். நான் போகவில்லை. தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். திருடியை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டேன், நாளையிலிருந்து வராதே என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன். குருவம்மா அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு, "அம்மாவுக்கு ராவைக்கு அதக் குடுத்துராதீக" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மிரட்டுகிறாள்.

ஜூலை 25, வியாழன்

கனியைக் குளிப்பாட்டியதும் நான், நடக்க வைத்ததும் நான். மதியம் என் எதிரிலேயே கிச்சடி முழுவதையும் சாப்பிட்டாள்.

"எப்படி?"

"நல்லாருக்கு" என்றாள்.

சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை. தண்ணீர் மட்டும் நாலு தம்ளர் குடித்தாள்.

ஜூலை 26, வெள்ளி

வெயில் அதிகம். ஜன்னலோர மேசையில் கை வைத்தால் சுடுகிறது. காலையில் மூடி வைத்த தூக்கை ஏழு மணிக்குத் திறந்து கொடுத்தேன். முதல் வாயில் கொஞ்சம் நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள்.

ஜூலை 27, சனி

ஐந்து தடவை வாந்தி. மேலத்தெரு டாக்டரை அழைத்து வந்தேன். ஊசி போட்டார். என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். தூக்கில் மீதி இருந்ததைக் கொண்டு வந்து காட்டினேன். கையில் வாங்கக்கூட இல்லை. தலையைத் திருப்பிக்கொண்டார்.

"ஊசிப் போயிருக்கே பெரியவரே. திறந்ததுமே தெரியலையா?"

தெரியவில்லை என்று நான் சொல்லவில்லை. கனி சொன்னாள், நான்தான் பசியில் அவரைக் கேட்காமல் எடுத்துச் சாப்பிட்டுவிட்டேன் என்று. எழுந்து மேசை வரைக்கும் போக முடியாதவள்.

ஜூலை 28, ஞாயிறு

காலையில் அவள் தூங்கும்போது சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, சரக்குப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாக மூடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

பெருங்காயம்: இல்லை.
காப்பித்தூள்: இல்லை.
பினாயில்: இல்லை.
நல்லெண்ணெய்: இல்லை.
சூடம்: மூக்கில் சில்லென்று ஏறியது. வாசனை இல்லை.
சாமை: இல்லை.

ஜூலை 29, திங்கள்

கனி கஞ்சி குடித்தாள். கேட்டேன்.

"ஒனக்கு எப்ப தெரியும்?"

அவள் எதைப் பற்றி என்று கேட்கவில்லை.

"வைகாசியிலயே தெரியும். கொல்லையில பெருச்சாளி செத்துக் கெடந்துச்சு. தமயந்தி மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுறா, இங்க கட்டில்ல கெடக்குற எனக்குக் கொமட்டுது. நீங்க அதுக்குப் பக்கத்துல சேரப் போட்டு ஒக்காந்து பேப்பரு படிச்சீக."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா கரண்டியக் கீழ வச்சிருவீக. நீங்க வச்சிட்டா நான் கோயமுத்தூரு, நீங்க தூத்துக்குடி. அங்க போயி யாருகிட்டச் சண்ட போடுவேன்?"

குருவம்மா தன் வீட்டில் பொங்கித் தூக்கில் கொண்டு வந்ததைத்தான் இத்தனை நாளும் இவள் சாப்பிட்டிருக்கிறாள். நான் வைத்தது வெளியே போய்விடும். இரவுக்கும் அவளே வைத்துவிட்டுப் போவாளாம். என் கிச்சடி என்று நான் எடுத்துக் கொடுத்த இரவுத் தூக்கிலெல்லாம் அவள் கொண்டு வந்த எலுமிச்சை சாதமும் ரொட்டியும் இருந்திருக்கின்றன. நான் மூடியபடியே கொடுத்துவிட்டு மோர் குடிக்கப் போய்விடுவேன்.

"பொடவைக்குள்ள ஒரு பொய், கூடைக்குள்ள ஒரு பொய். ரெண்டு பேரும் சேந்து என்ன ஏய்ச்சிட்டீக."

"ஆமா, ஏய்ச்சோம். ஒரு மாசம் சேந்து இருந்தோம்ல?"

வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூலை 30, செவ்வாய்

குருவம்மா வீட்டுக்குப் போனேன். கருப்பசாமி கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு. வாசலில் ஒரு மாடு கட்டியிருந்தது. அதுவும் என்னைப் பார்த்தது.

"நாளைக்கு எட்டு மணிக்கு வா" என்றேன்.

"வந்து?"

"அடுப்புப் பக்கத்துல நில்லு. எப்ப எறக்கணும்னு சொல்லு."

அவள் சாணிக் கையோடு நெற்றியை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். "திருடின்னு தெருவே கேக்கச் சொன்னீகள்லா. வேலைக்கும் அதே தெரு கேக்கக் கூப்புடுங்க. ஒங்க வீட்டு வாசல்ல நின்னு கூப்புடுங்க. வாரேன்."

என் வாயிலிருந்து மன்னிப்பு என்று ஒரு வார்த்தையை அவள் கேட்டிருந்தால் திரும்பி வந்திருப்பேன். கேட்கவில்லை. கேட்டது நியாயமாக இருந்தது.

ஜூலை 31, புதன்

எட்டு மணிக்கு அவள் தெருமுனையில் வந்து நின்றுகொண்டாள். எதிர் வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பால்காரர் இருந்தார். நான் வாசலில் நின்று, "குருவம்மா, வேலைக்கு வாம்மா" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லையாம், காதில் கை வைத்துக் காட்டினாள். இன்னொரு முறை, அன்றைக்குக் கத்திய அதே சத்தத்தில் கூப்பிட்டேன்.

வந்தாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

நெருப்பைச் சின்னதாக வைத்துச் சாமையை வறுத்தேன்.

"எறக்குங்கய்யா."

"இன்னும் நிறமே மாறலியே."

"மாறக் கூடாது. வாசம் வந்துட்டு. எறக்குங்க."

"கொஞ்சம்..."

"எறக்குங்கன்னா எறக்குங்க!"

இறக்கினேன். எனக்கு உத்தரவு போட இதுவரை மண்டி முதலாளிகூடத் துணிந்ததில்லை. கிச்சடியில் கசப்பு இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்: சாமை ஏழு நிமிடம், பருப்பு ஐந்து.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பெண்கள் இருவரும் திட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். ராஜபாண்டி வரும் அன்று குருவம்மா சமையலறைக்கு வெளியே தரையைப் பெருக்கிக்கொண்டு நிற்பாள். சாமைக்கு ஒரு முறை, பருப்புக்கு ஒரு முறை, வாசனை வந்ததும் இருமுவாள். நான் இறக்க வேண்டும். அவனுக்கு ஒன்றும் தெரியாது. கனிக்கு ஒரே குஷி. இருமலை ஒத்திகை பார்க்கச் சொல்லி, "அது காசநோய்க்காரி இரும்புறது மாதிரி இருக்கு, மெல்ல" என்று திருத்துகிறாள்.

கடைக்காரனிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கனி கேட்டாள். தேவையில்லை. அவன் எடையில் குறைக்கிறவன். அதைப் பிடிக்க மூக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ராஜபாண்டி பத்து மணிக்கு வந்தான். காரின் பின்சீட்டில் தலையணை போட்டுத் தயாராக வந்திருந்தான். அதை முதலில் பார்த்தேன்.

குருவம்மா இருமினாள். இறக்கினேன். மறுபடி இருமினாள். பருப்பையும் இறக்கினேன். "ஏம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று அவளிடம் கேட்டான் அவன். தூசி என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவோடு சேர்ந்து சாப்பிட்டான். சாமை உதிரி உதிரியாக வந்திருந்தது, பீர்க்கங்காய் கரைந்தும் கரையாமலும் இருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

"நெசமாவே நல்லாருக்குப்பா. எல்லாம் நீங்களேவா?"

"அவருதான், அவருதான்" என்றாள் கனி, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

அவன் முகத்தில் சந்தேகம் இல்லை. நம்பிவிட்டான். இன்னும் ஒரு நிமிடம் நான் பேசாமல் இருந்திருந்தால் தலையணையை எடுத்துக்கொண்டு போயிருப்பான். ஆனால் மூட்டையின் மேல்வாயில் நல்ல சரக்கைப் போட்டு அடியில் வேறு வைத்தவர்களை நான் நாற்பத்திரண்டு வருடம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் வீட்டு மூட்டைக்கு மட்டும் தலையாட்ட முடியவில்லை.

"எனக்கு மூக்கு போயிருச்சுடா" என்றேன். "வைகாசியிலயே போயிருச்சு. ஊசுனதக் குடுத்து ஒங்கம்மாவ வாந்தியெடுக்க வச்சேன். இன்னைக்கு வாசனை பாத்தது இந்தா நிக்காளே, குருவம்மா. இருமுனது அதுக்குத்தான்."

கனி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

அவன் தட்டைக் கீழே வைத்தான். "கேஸ் கசிஞ்சா?"

"எட்டுலேர்ந்து பன்னெண்டு வரைக்குந்தான் அடுப்பு. அவ நிக்கையிலதான் எரியும். அவ போகையில சிலிண்டர மூடிட்டுப் போவா. ராவைக்கு உள்ளதப் பிரிட்ஜுல வச்சிருதேன்."

"நீங்களா? பிரிட்ஜுலயா?"

"ஆமா."

அவன் அம்மாவைப் பார்த்து, "நீ என்ன சொல்ற?" என்றான்.

"தட்டுல இன்னொரு கரண்டி போடச் சொல்லு" என்றாள் கனி. "நான் இன்னும் சாப்புட்டு முடிக்கல."

அவன் எழுந்து சமையலறைக்குப் போனான். சிலிண்டரை மூடித் திறந்து பார்த்தான். ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்துவிட்டு, கடைக்குப் போய்ப் புதிது வாங்கி வந்து மாட்டினான். குருவம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, நான் சொன்னதெல்லாம் உண்மையா என்று விசாரித்தான். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பிறகு பிரிட்ஜைத் திறந்து, அது ஓடுகிறதா என்று உள்ளே கை வைத்துப் பார்த்தான்.

நாலு மணிக்குக் கிளம்பினான். தலையணையை அம்மாவின் கட்டிலில் போட்டுவிட்டான்.

"அடுத்த மாசம் வருவேன். என்னைக்குன்னு சொல்ல மாட்டேன். சொல்லாமத்தான் வருவேன்" என்றான் என்னிடம்.

என்னை நம்பவில்லை. என் மகன்தான்.